தோற்றவர் உட்காரும் நாற்காலி

முன்னறையிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம் வந்தது.

அடுப்படியில் இரும்புக் கல்லின் மேல் திராட்சை கேக்குகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த மென்னாவின் கை அப்படியே நின்றது. இரண்டாவது சத்தத்துக்காகக் காது காத்திருந்தது. வரவில்லை. ஸ்குவாஷ் பந்து சூடேறினால்தான் துள்ளும். குளிர்ந்த பந்து விழுந்த இடத்திலேயே செத்துக் கிடக்கும். இந்த வீட்டில் எட்டு மாதமாக எந்தப் பந்தும் சூடேறவில்லை.

"வரேன் எம்ரிஸ், ஒரு நிமிஷம். கேக் கருகிடும்."

பதில் வராதென்று தெரியும். மார்ச் மாதம் ஒரு காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவன் கண்ணாடி முன்னாலேயே சரிந்தான். பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சும் போயிற்று. ஐம்பத்தேழு வயதில் அவனிடம் மிச்சம் இருந்தவை இரண்டே சொற்கள். ஒன்று 'சரி'. இன்னொன்று 'கரியாட்'. கல்யாணத்துக்கு முன்பிருந்தே மென்னாவை அவன் கொஞ்சிக் கூப்பிடும் சொல் அது. அந்த வேல்ஸ் பள்ளத்தாக்கில் மனைவியையும் குழந்தையையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அடுப்பை அணைத்துவிட்டு மென்னா முன்னறைக்கு நடந்தாள். வலது இடுப்பு ஒவ்வொரு அடிக்கும் முறுக்கியது. முப்பது வருடம் அதே காலை முன்னே வீசித் தாவிக் குனிந்ததற்கு உடம்பு கொடுத்த பரிசு.

மாமியார் காலத்தில் அந்த முன்னறையில் பாதிரியாரும் டாக்டரும் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. இப்போது அங்கே ஆஸ்பத்திரிக் கட்டில். படிக்கட்டு ஏற முடியாதவனுக்கு வேறு எங்கே இடம்? கையைப் பழக்குவதற்கென்று சிகிச்சைக்கு வரும் பெண் பஞ்சுப் பந்து ஒன்று கொடுத்திருந்தாள். எம்ரிஸ் அதை வாங்கவே இல்லை. அலமாரியைப் பார்த்துப் பார்த்து, இரண்டு மஞ்சள் புள்ளி வைத்த கறுப்புப் பந்தைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டான். ஒரு நாளைக்கு இருபது தடவை அது கை நழுவி விழும். இருபது தடவை மென்னா குனிய வேண்டும்.

குனிந்தாள். எடுத்தாள். அவன் இடக்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"சரி," என்றான் எம்ரிஸ்.

"சரிதான். உனக்கென்ன, மகாராஜா."

நடைக் கூடத்தில், வாசல் கதவை ஒட்டிய பலகையில், ஒட்டப்பட்ட உறை ஒன்று இருந்தது. அடுத்த ஊரின் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போக வேண்டிய பதில். அங்கே ஒரு கட்டில் காலியாகியிருந்தது. எம்ரிஸை நிரந்தரமாக அங்கே சேர்ப்பதா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். சேர்த்தால் மென்னாவின் இடுப்பு அறுவை சிகிச்சை நடக்கும். வீட்டில் அவனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஏற்கெனவே இரண்டு முறை அதைத் தள்ளிப்போட்டாயிற்று. மூன்றாம் முறையும் தள்ளினால் பெயர் பட்டியலின் அடிக்குப் போய்விடும் என்று கடிதம் வந்திருந்தது. அன்று காலையில்தான் 'வேண்டாம்' என்ற கட்டத்தில் குறியிட்டு, கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டி வைத்தாள்.

பக்கத்து வீட்டு க்ளெனிஸ் அதைக் கேட்டுக் கத்தியே விட்டாள்.

"உனக்குப் பைத்தியமாடி? நீயும் விழுந்தா உன்னை யார் தூக்குவா? நான் தூக்குவேன்னு நினைக்காதே, எனக்கே முதுகு போச்சு!"

"எனக்கு எதிராவே உண்மையைச் சொன்ன மனுஷன் அவன், க்ளெனிஸ். உலகத்துல எத்தனை பேருக்கு அப்படி ஒரு புருஷன் கிடைப்பான்? அவனைக் கொண்டுபோய் ஒரு இடத்துல விட்டுட்டு வான்னா எப்படி?"

அபர்லான் ஊரில் அந்தக் கதை தெரியாதவர்கள் இல்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு அழைப்பு மணி அடித்தது. மருந்துக்கடைப் பையன் என்று நினைத்துக் கதவைத் திறந்தாள் மென்னா. ஒரு காலத்தில் கூடவே ஸ்குவாஷ் ஆடிய ரோன்வென் மழையில் நனைந்தபடி நின்றாள்.

இருபத்தாறு வருடத்தில் இருவரும் நான்கு சவ அடக்கங்களில் பார்த்துக்கொண்டதுண்டு. தலையசைப்பார்கள், அவ்வளவுதான். இந்த வாசலில் அவள் ஒரு நாளும் நின்றதில்லை.

"உள்ள வரலாமா? இல்ல இங்கயே நனைஞ்சுக்கிட்டு நிக்கணுமா?" என்றாள் ரோன்வென்.

"நனையறது உனக்குப் புதுசா? வா."

அவளை அடுப்படிக்கு அழைத்துப் போகும்போது, திறந்திருந்த முன்னறைக் கதவைத் தாண்ட வேண்டியிருந்தது. ரோன்வென் உள்ளே பார்த்தாள். கட்டிலில் இருந்தவன் அவளைப் பார்த்தான். அவன் கையிலிருந்த பந்து நின்றது. ரோன்வென் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மென்னா அதைக் கவனித்தாள். நோயாளியைப் பார்க்கச் சகிக்காமல் திரும்புகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அபர்லானின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நீண்ட வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது மென்னாவுக்குப் பன்னிரண்டு வயது. அவள் அப்பாவும் அதில் ஒருவர். தொழிலாளர் மன்றத்தின் பின்னால் இரண்டு ஸ்குவாஷ் ஆடுகளங்கள் இருந்தன. மன்றத்தில் பொதுச் சமையல் நடந்தது. ஒரு ஆடுகளத்தில் பாதிக்கு மேல் உருளைக்கிழங்கு மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். இடது சுவரை ஒட்டி ஒரு ஆள் நிற்கும் அகலத்துக்குத்தான் இடம் மிச்சம். பெரியவர்கள் கிழங்கு உரிக்கும்போது அந்தச் சந்தில் நின்று, யாரோ விட்டுப்போன மட்டையால் சுவரில் அடித்துக்கொண்டே இருப்பாள் மென்னா. பந்து கொஞ்சம் விலகினாலும் மூட்டைக்குள் போய்விடும். போனால் சமையல்காரி திட்டுவாள். அதனால் விலகாமல் அடிக்கப் பழகினாள்.

பிற்காலத்தில் ஜெர்மனியிலும் ஹாலந்திலும் கனடாவிலும் எத்தனையோ பெண்கள் அந்த இடது சுவர் அடியில் திணறினார்கள். பந்து சுவரோடு ஒட்டிக்கொண்டே வரும். மட்டையை உள்ளே விட இடமிருக்காது. "யாரிடம் கற்றுக்கொண்டாய்?" என்று கேட்பார்கள். "உருளைக்கிழங்கு மூட்டையிடம்," என்பாள் மென்னா. கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

பத்தொன்பது வயதில் ஆட்டமே தொழிலாயிற்று. தொழில் என்றால் என்ன? ஒரு பை, நான்கு மட்டை, காயாத இரண்டு சட்டை. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் மன்றத்து உறுப்பினர் யாராவது தங்கள் வீட்டில் ஒரு மூலையில் படுக்க இடம் கொடுப்பார்கள். மென்னாவும் ரோன்வென்னும் நான்கு வருடம் அந்த மூலைகளைப் பங்கு போட்டார்கள். ஒரே போர்வை. ஒரே தலைமுடி உலர்த்தியில் இருவர் சட்டையும் காயும். உலக வரிசையில் மென்னா இருபத்தேழாம் இடம் வரை ஏறினாள். ரோன்வென் முப்பத்தொன்று. "உனக்கும் எனக்கும் நடுவுல மூணே பேர். அவளுங்களைப் படிக்கட்டுல தள்ளி விட்டுடவா?" என்பாள் ரோன்வென்.

அந்தச் சின்னப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவர் வரவழைக்க யாருக்கும் வசதியில்லை. அதனால் தோற்றவர் அடுத்த ஆட்டத்துக்கு நடுவராக உட்கார வேண்டும். வியர்வை காயாது, கோபம் இறங்காது. ஆனாலும் பின்சுவருக்கு மேலே இருக்கும் அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, ஜெயிக்கப் போகிற இன்னொருத்திக்கு நியாயம் சொல்ல வேண்டும். எவ்வளவு கசந்தாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் மானம் போய்விடும்.

தொண்ணூற்றெட்டாம் வருடம், பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. செப்டம்பரில் கோலாலம்பூரில் நடக்கும் காமன்வெல்த் விளையாட்டுகளில் முதன்முதலாக ஸ்குவாஷ். வேல்ஸ் பெண்கள் அணியில் ஒரே ஒரு இடம் பாக்கி. மென்னாவா, ரோன்வென்னா? ஆட்டம் அபர்லானில், அதே தொழிலாளர் மன்றத்தில். மலைப்பாதையில் பனி கொட்டி, வர வேண்டிய நடுவரின் கார் பாதி வழியில் திரும்பிப் போய்விட்டது. அதற்கு முந்தைய ஆட்டம் ஆண்கள் அணியின் கடைசி இடத்துக்கானது. அதில் தோற்றவன் எம்ரிஸ். மென்னாவுக்கும் அவனுக்கும் நிச்சயமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது.

"டேய், பாதிப் பெண்டாட்டி ஆட்டம் இது. நீ உட்காராதே, வேற யாராவது உட்காரட்டும்," என்று மதுக்கூடத்திலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

எம்ரிஸ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "தோத்தவன் உட்காரணும். இன்னைக்கு மட்டும் சட்டம் மாறாது."

"எம்ரிஸ்னா எனக்குச் சம்மதம்," என்றாள் ரோன்வென்.

மென்னாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்தாவது சுற்று வரை போயிற்று. ரோன்வென் எட்டு, மென்னா ஏழு. ஒன்பது எடுத்தால் ஆட்டம் முடிந்தது. ரோன்வென் முன்சுவர் மூலையில் பந்தை மெல்லத் தட்டிப் போட்டாள். மென்னா பின்னாலிருந்து ஓடிவந்து, வலது காலை வீசி, தரையோடு தரையாக மட்டையைக் கொடுத்துத் தோண்டி எடுத்தாள். பந்து முன்சுவரில் பட்டு எழும்பி, ரோன்வென்னின் தலைக்கு மேலே பறந்து, பின்சுவர் மூலையில் விழுந்து செத்தது. தரையில் இரண்டாம் முறை குத்துவதற்குள் எடுத்த நல்ல பந்து அது என்று அடித்தவளுக்குத் தெரியும். மேலே இருந்து எம்ரிஸின் குரல் வந்தது.

"ரெண்டு தடவை குத்திடுச்சு. ஆட்டம் ரோன்வென்னுக்கு."

மென்னா நிமிர்ந்து ரோன்வென்னைப் பார்த்தாள். நடுவருக்குத் தெரியாவிட்டாலும் ஆடுகிறவர்களுக்குத் தெரியும். தெரிந்தால் சொல்வார்கள். எத்தனையோ முறை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லியிருக்கிறார்கள். ரோன்வென் அப்போது குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவ்வளவுதான். மென்னா கை குலுக்கினாள். நாற்காலியோடு வாதாடுவது அவளுக்கு வழக்கமில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்து விட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள். வெளியே வந்தபோது மதுக்கூடமே எம்ரிஸின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தது. "கட்டிக்கப் போறவன்னு பார்த்தானா பாரு! இவன்தாண்டா ஆம்பிளை!" அன்றோடு அவன் பெயர் 'நேர்மை எம்ரிஸ்' ஆயிற்று. அந்த ஊரில் ஒருவனுக்கு அடைமொழி ஒட்டிவிட்டால் கல்லறைக் கல் வரைக்கும் வரும்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள் மென்னா: "தப்பு என்னோடதுதான் போல, மாம். எனக்கு எதிராவே சொல்லணும்னா அவன் நிஜமாவே பார்த்திருக்கணும். இப்படிப்பட்டவன் என்னை ஒருநாளும் ஏமாத்த மாட்டான்."

அந்த ஒரு நினைப்பில் தன் கண்ணையே நம்பாமல் விட்டாள் அந்தப் பாவி.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, ரோன்வென் கோலாலம்பூரில் சிவப்புச் சட்டை போட்டுக் களம் இறங்கிய அதே வாரம், மென்னா மணப்பெண்ணாக வெள்ளை உடை போட்டுத் தேவாலயத்தில் நின்றாள். அதன் பிறகு அவள் ஆட்டம் திரும்பவே இல்லை. குனிந்து எடுக்க வேண்டிய பந்துகளை, 'இது ரெண்டு தடவை குத்தியிருக்குமோ' என்ற சந்தேகத்தில் விட்டுக்கொடுத்தாள். தானே கையைத் தூக்கி விட்டுக்கொடுத்தாள். இருபத்தேழு நாற்பதாயிற்று, நாற்பது எழுபதாயிற்று. காலணி கொடுத்துவந்த நிறுவனம் நிறுத்திக்கொண்டது. இருபத்தெட்டு வயதில் ஊர் விளையாட்டு மையத்தில் பள்ளிக்கூடப் பெண்களுக்கு மட்டை பிடிக்கச் சொல்லித் தரும் வேலைக்குப் போனாள்.

எம்ரிஸ் மட்டும் ஏறினான். நேர்மையான ஆள் என்ற பெயர் ஊர் தாண்டிப் போய், நடுவராகவே ஆகிவிட்டான். இரண்டு காமன்வெல்த் விளையாட்டுகளுக்கு நடுவராகப் போய்வந்தான். மெல்போர்னிலிருந்து அவளுக்குக் காந்தம் வைத்த ஒரு கோலாக் கரடி பொம்மை வாங்கி வந்தான். அது இன்னும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ரோன்வென் அந்தக் கரடியைப் பார்த்தபடியே தேநீரைக் குடித்தாள். கேக்கைத் தொடவில்லை.

"கார்டிஃப் வீட்டை வித்துட்டேன். திங்கக்கிழமை நியூசிலாந்து போறேன், பொண்ணுகிட்டயே. இனி வர மாட்டேன்."

"நல்லது. அங்கயும் மழைதானாமே."

"மென்னா, உன்கிட்ட ஒண்ணு குடுக்கணும்." அவள் பையிலிருந்து ஒரு சிவப்பு மேல்சட்டையை எடுத்து மேசை மேல் வைத்தாள். கோலாலம்பூர் அணியின் சட்டை. மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. "நான் இதை அங்க போட்டதோட சரி. அப்புறம் ஒரு தடவைகூடப் போடலை. போட முடியலை."

"சின்னதாப் போச்சா? ரொம்பத் தின்னுட்டியா?"

"கிண்டல் பண்ணாதே. அந்தப் பந்து நல்ல பந்து."

மென்னா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எந்தப் பந்து?" என்றாள். எந்தப் பந்து என்று அவளுக்குத் தெரியாதா?

"ஒரு தடவைதான் குத்துச்சு. நான் ஒரு அடி தூரத்துல நின்னேன். என் கண்ணால பார்த்தேன். கயிறு அவிழவே இல்லை மென்னா. உன் முகத்தைப் பார்க்க முடியாம கட்டின கயித்தையே கட்டினேன்."



"அது எனக்குத் தெரியும்," என்றாள் மென்னா மெதுவாக. "இல்ல, தெரியும்னு நினைக்கவிடாம வச்சிருந்தேன். சரி, நீ சொல்லலை. சின்ன வயசு, ஆசை. எம்ரிஸ் பார்த்ததை எம்ரிஸ் சொன்னான். அங்கிருந்து அவனுக்கு ரெண்டாத் தெரிஞ்சிருக்கும். பின்சுவருக்கு மேல இருந்து முன் மூலையைப் பார்க்கணுமே."

ரோன்வென் தலை குனிந்துகொண்டாள். இப்போது கட்டுவதற்குக் கயிறு இல்லை.

"அவனுக்கும் தெரியும்."

"என்ன சொன்னே?"

"அன்னைக்குச் சாயங்காலம் கார் நிறுத்துற இடத்துல என்னைத் தேடி வந்தான். பனி கொட்டிக்கிட்டிருந்தது. 'ரோன்வென், அது நல்ல பந்து. நான் குடுத்திருந்தா, கட்டிக்கப் போறவளுக்குக் குடுத்தான்னு இந்த ஊரு சாகுற வரைக்கும் சிரிச்சிருக்கும். நானும் தோத்து நிக்கிறேன், இதுவும் சேர்ந்தா தலை நிமிர முடியாது. அவகிட்ட மட்டும் சொல்லிடாதே'ன்னான். அழுதான் மென்னா. நான் சொல்ல மாட்டேன்னேன். எனக்கும் அதுதானே வேணும்?"

முன்னறையிலிருந்து 'டப்' என்று சத்தம் வந்தது. இந்த முறை மென்னா எழுந்திருக்கவில்லை.

"இருபத்தாறு வருஷம்," என்றாள். "உங்க ரெண்டு பேருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. அந்த ஆட்டத்தை ஆடினவ நான்."

"ஒருவேளை அடுத்த பந்துல நானே ஜெயிச்சிருப்பேனோ என்னவோ..."

"ஜெயிச்சிருப்பே. இல்ல நான் ஜெயிச்சிருப்பேன். அதை ஆடிப் பார்த்திருக்கணும் ரோன்வென்! ஆடவிட்டீங்களா?" அவள் குரல் உடைந்தது. உடனே அடக்கிக்கொண்டாள். "இப்ப எதுக்கு வந்து சொல்றே? அவ்வளவு தூரம் பறக்கப் போறே, பாரம் அதிகம்னு விமானத்துல ஏத்த மாட்டேன்னுட்டாங்களா? இங்க இறக்கி வச்சுட்டு லேசாப் போயிடலாம்னு வந்தியா?"

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

"எழுந்திரு."

துரத்துகிறாள் என்று நினைத்து ரோன்வென் பையை எடுத்தாள். மென்னா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, நொண்டி நொண்டி முன்னறைக்குப் போனாள். பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. எம்ரிஸின் கண்கள் இருவர் முகத்திலும் மாறி மாறி ஓடின. மெல்லிய சுவர் அது. அவனுக்குப் போனது பேச்சு மட்டும்தான், காது போகவில்லை.

மென்னா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். கடைவாயில் ஒழுகிய எச்சிலை வழக்கம்போலத் துண்டால் ஒற்றி எடுத்தாள். எட்டு மாதப் பழக்கம், கை தானாகச் செய்கிறது.

"எம்ரிஸ். என்னைப் பாரு. அந்த ஞாயித்துக்கிழமை, கடைசிப் பந்து. எத்தனை தடவை குத்துச்சு?"

அவன் உதடு துடித்தது. "கரியாட்..."

"அது வேண்டாம். அந்த வார்த்தை இப்ப வேண்டாம். எத்தனை?"

ஜன்னலில் மழை வழிந்தது. ரோன்வென் கதவோரம் சிலையாக நின்றாள். எம்ரிஸ் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தான். நோயாளியை யார் என்ன செய்ய முடியும்? மூடவில்லை. போர்வைக்கு மேலே கிடந்த இடக்கை மெல்ல எழுந்தது. நான்கு விரல்கள் மடங்கின. ஒன்று நின்றது.

ஒன்று.

மென்னா அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த விரலுக்காக அவள் என்னவெல்லாம் செய்தாள்! தன் கண்ணைப் பொய்யாக்கினாள். தன் ஆட்டத்தை விட்டாள். அவனுக்குச் சோறூட்டினாள், மலம் கழுவினாள், தன் இடுப்பைத் தேயவிட்டாள். எல்லாம் அவன் பொய் சொல்லாதவன் என்பதற்காக. ஊர் சிரிக்கும் என்று பயந்து ஒருவன் தன்னைப் பலிகொடுத்துவிட்டான் என்று தெரிந்திருந்தால், அன்று தேவாலயத்தில் நின்றிருப்பாளா? உலகத்தின் எந்த மூலையிலாவது, யார் வீட்டுத் தரையிலாவது படுத்துக்கொண்டு இன்னும் நான்கு வருடம் ஆடியிருக்க மாட்டாளா?

அவன் கண்ணில் நீர் வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

எழுந்து நடைக் கூடத்துக்குப் போனாள். பலகையிலிருந்த உறையை எடுத்து ஓரத்தைக் கிழித்தாள். படிவத்தை விரித்துப் பேனா தேடினாள். 'வேண்டாம்' என்ற கட்டத்தின் குறியை அழுத்தி அடித்துவிட்டு, 'சம்மதம்' என்ற கட்டத்தில் குறியிட்டாள். பக்கத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டாள். கை நடுங்கவே இல்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. வேறொரு உறையில் போட்டு, முகவரி எழுதி, நாக்கால் நனைத்து ஒட்டினாள்.

"மென்னா, அது என்ன?" என்றாள் ரோன்வென்.

"தெரு முனையில தபால் பெட்டி இருக்கு. அஞ்சரைக்கு எடுப்பாங்க. போற வழியில போட்டுடு."

ரோன்வென் உறையின் மேலிருந்த முகவரியைப் படித்தாள். பராமரிப்பு இல்லம் என்ற எழுத்துகளைப் படித்ததும் முகம் வெளுத்தது.

"இதுக்காக நான் வரலை. சத்தியமா இதுக்காக வரலை. ரெண்டு நாள் பொறு. கோபத்துல எழுதாதே."

"இருபத்தாறு வருஷம் பொறுத்தவங்க நீங்க. என்னை ரெண்டு நாள் பொறுக்கச் சொல்றியா?"

"நான் போட மாட்டேன்."

"போடுவே. அன்னைக்கு அவன் சொல்லாதேன்னு சொன்னதை ஒழுங்காச் செஞ்சியே. இன்னைக்கு நான் சொல்றதைச் செய்."

மென்னா முன்னறை வாசலில் நின்றாள். உள்ளே போகவில்லை.

"எம்ரிஸ், அந்த இல்லத்துக்கு உன்னைச் சேர்க்கச் சம்மதம்னு எழுதிட்டேன். எனக்கு இடுப்பு ஆபரேஷன் பண்ணிக்கணும். கேட்டுச்சா?"

புரிந்துதான் சொன்னானா, வாயில் மிச்சமிருப்பது அவ்வளவுதான் என்பதால் சொன்னானா, அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும்.

"சரி," என்றான் எம்ரிஸ்.

அந்த ஒரு சொல்லுக்கு அவள் முகம் ஒரு கணம் கலைந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அடுப்படிக்குப் போய் அந்தச் சிவப்புச் சட்டையை எடுத்துவந்து, ரோன்வென்னின் தோளில் போட்டாள்.

"இதைப் போட்டுக்கிட்டுப் போ. மழை பெய்யுது."

"மென்னா, இது உன்னோடது..."

"என்னோடது இல்ல. நான் அந்த ஆட்டத்துல தோத்தவ. ஊருக்கே தெரியும்."

வாசல் கதவைத் திறந்தாள். குளிர்ந்த காற்று நடைக் கூடம் முழுக்கப் புகுந்தது. ரோன்வென் உறையை நனையாதபடி அந்தச் சிவப்புச் சட்டைக்குள் செருகிக்கொண்டு படியிறங்கினாள். சரிவான தெருவில், ஒரே மாதிரியான வீடுகளின் ஓரமாக, தலை குனிந்து நடந்தாள். தெரு முனையில் ஒரு முறை நின்றாள். பெட்டியின் வாய்க்கு நேரே அவள் கை போவதை மென்னா பார்த்தாள்.

அதற்கு மேல் பார்க்கவில்லை. உள்ளே இருந்து, "கரியாட்... கரியாட்..." என்று குரல் வந்துகொண்டிருந்தது. பந்து இன்னும் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது.

மென்னா கதவைச் சாத்தினாள்.